வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது: நோயாளியின் வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்ப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. "கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் கட்டி. ஆபரேஷன் வேண்டாம், 35 நாள் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ என்று முடிவானதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஷாக் அடிக்குமாம்மா?"

அடிக்காது. உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர் வெளியிலிருந்து கட்டியின் மேல் படுகிறது. படும் நேரத்தில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. மெஷினை விட்டு எழுந்து வருபவர் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

கஷ்டம் வருவது பிறகுதான். இரண்டாவது வாரக் கடைசியில் வாய் காயத் தொடங்கும், மூன்றாவது வாரம் புண் வரும், ஐந்தாவது ஆறாவது வாரத்தில் எச்சிலை விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். அந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் "போதும், இனி வரமாட்டேன்" என்று பாதியில் நிற்கிறார்கள். வீட்டாரின் வேலை அங்கேதான் இருக்கிறது. நான் கீழே எழுதியிருக்கும் பல், சாப்பாடு, வாய் கொப்பளிப்பு, வலி மாத்திரை எல்லாமே ஒரே ஒரு காரியத்துக்காக: ஒரு சிட்டிங்கும் (ஒரு தடவை கரண்ட் வைப்பது ஒரு சிட்டிங்) விடுபடாமல் முடிக்க வேண்டும்.

அதில் ஏன் இத்தனை கண்டிப்பு? கதிர் தினமும் கொஞ்சம் புற்றணுக்களைக் கொல்கிறது. மிஞ்சியவை சில வாரங்களில் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. நடுவில் நாள் விட்டால் அவற்றுக்கு அவகாசம் கிடைத்துவிடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. அதனால்தான் கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு நாள் லீவு கேட்டாலும் முகம் மாறுகிறார்கள்.

வழக்கமான அளவு இதுதான். ஆபரேஷன் இல்லாமல் கரண்ட் மட்டும் அல்லது கீமோவோடு கரண்ட் என்றால் நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 35 சிட்டிங், மொத்தம் 70 கிரே. ஆபரேஷனுக்குப் பிறகு வைப்பது என்றால் பெரும்பாலும் 30 முதல் 33 சிட்டிங், 60 முதல் 66 கிரே. ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. திங்கள் முதல் வெள்ளி வரை கரண்ட், சனி ஞாயிறு ஓய்வு. ஆக, ஆறிலிருந்து ஏழு வாரம் வீடே இதைச் சுற்றித்தான் நகரும்.

முதலில் பல் டாக்டர்

இதை முதலில் சொல்லக் காரணம், நாங்கள் இதில்தான் தவறினோம். முதலில் பார்த்த இடத்தில் பல்லைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்யப் போன அன்றுதான், "கீழ்க் கடைவாயில் இரண்டு பல் சொத்தையாக இருக்கிறதே, பிடுங்காமல் எப்படித் தொடங்குவது?" என்று கேட்டார்கள். பிடுங்கி, புண் ஆறி, திரும்பவும் மாஸ்க் செய்து தொடங்குவதற்குள் இரண்டரை வாரம் போய்விட்டது. கட்டியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு அந்த இடத்தில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போக வாய்ப்புண்டு. இந்த ஆபத்து ஓரிரு வருடத்தில் தீர்வதல்ல, ஆயுளுக்கும் உண்டு. அதனால் காப்பாற்ற முடியாத பல் எதுவாக இருந்தாலும் கரண்டுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு குறைந்தது 10 முதல் 14 நாள் ஆற விட வேண்டும். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்த அன்றே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்ற டெஸ்ட்டுகள் நடக்கும் நாட்களிலேயே இந்தக் காத்திருப்பும் கழிந்துவிடும்.

நல்ல பல் மிஞ்சியிருந்தால் ஃப்ளோரைடு ஜெல் எழுதிக் கேளுங்கள். எச்சில் குறைந்த வாயில் பல் மளமளவென்று சொத்தையாகும். பல்செட் போட்டிருப்பவர்கள் இந்த வாரங்களில் சாப்பிடும் நேரம் தவிரக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. புண் வந்த பிறகு போடவே கூடாது.

கூடவே முடிக்க வேண்டிய சில வேலைகள்

புகையிலையை விட வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, கன்னத்தில் அடக்கும் பொடி எல்லாமே இதில் சேரும். "வந்தது வந்துட்டுது, இனி விட்டு என்ன?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரண்ட் வைக்கும்போது புகைபிடித்தால் கதிர் சரியாக வேலை செய்யாது, புண்ணும் கடுமையாக வரும். இதை டாக்டர் வாயாலேயே அவரிடம் சொல்ல வையுங்கள். பிள்ளைகள் சொல்லிக் கேட்காததை டாக்டர் சொன்னால் கேட்பார்கள். சாராயத்துக்கும் இதே பேச்சுதான்.

கீமோவில் சிஸ்பிளாட்டின் மருந்து என்றால், முன்கூட்டியே கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்த டெஸ்ட்டும் காது கேட்கும் திறன் டெஸ்ட்டும் எடுப்பார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. நாட்டு மருந்து, லேகியம், பச்சிலைச் சாறு எதையும் இந்த ஏழு வாரம் கலந்து கொடுக்க வேண்டாம். அன்போடு கொண்டுவந்து தருவார்கள், மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கிரியாட்டினின் ஏறிவிட்டால் கீமோ நின்றுவிடும்.

தொண்டையில் துளை போட்டு உலோகக் குழாய் வைத்திருப்பவர்களுக்குக் கரண்டுக்கு முன் அதை பிளாஸ்டிக் குழாயாக மாற்ற வேண்டும். தாமாகவே செய்துவிடுவார்கள், செய்யாவிட்டால் நினைவுபடுத்துங்கள்.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கரண்டும் கீமோவும் வருகின்றன, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கார்டு இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ரயிலில் வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் கேளுங்கள். படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

தினமும் போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறை பிடிப்பதே மேல். முதல் மூன்று வாரம் அப்பா அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். நான்காவது வாரம் பஸ் குலுங்கும்போதெல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அறை எடுத்தோம். முன்பே எடுத்திருக்க வேண்டும்.

மாஸ்க் செய்யும் நாள்

தினமும் ஒரே இடத்தில், மில்லிமீட்டர் பிசகாமல் தலை இருப்பதற்காக ஒரு மாஸ்க் செய்வார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு அது. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் துணி போல இளகும். அதை எடுத்து நோயாளியின் முகத்திலும் தோளிலும் விரித்து அழுத்திப் பிடிப்பார்கள். சூடான ஈரத் துண்டைப் போட்டது போல இருக்கும். சில நிமிடத்தில் முகத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். பிறகு அதைப் போட்டபடியே சிடி ஸ்கேன் எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு முடிந்து முதல் சிட்டிங் வர ஒரு வாரம் போல ஆகும்.

அன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது: முதல் நாளே தாடி மீசையை எடுத்துவிட்டு, பிறகு அதே அளவில் வைத்திருங்கள். தலைமுடியை இடையில் மொட்டையடிக்க வேண்டாம், மாஸ்க் தொளதொளத்துவிடும். கழுத்துச் செயின், காதில் கடுக்கன், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஸ்கேனுக்கு ஊசி போடுவார்கள் என்பதால் ஆஸ்துமா, அலர்ஜி, சர்க்கரை மாத்திரை விவரத்தை முன்னதாகச் சொல்லுங்கள்.

மாஸ்க்குக்குள் மூச்சு முட்டுமோ என்ற பயம் பலருக்கும் வருவதுதான். ஓட்டைகள் இருப்பதால் மூச்சு தாராளமாக வரும். இருந்தும் பதறினால், கண் இருக்கும் இடத்தில் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். பல இடங்களில் செய்து தருகிறார்கள். மெஷின் அறையில் கேமராவும் மைக்கும் உண்டு, கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். மேசையில் படுத்திருக்கும் நேரம் மொத்தமே 10 முதல் 20 நிமிடம். அப்பா மனசுக்குள் கந்த சஷ்டி கவசம் சொல்வாராம். "பாதி வர்றதுக்குள்ள முடிச்சுருவாங்க" என்பார். வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் மாஸ்க்கின் வலைத்தடம் சிவப்புச் சிவப்பாகப் பதிந்திருக்கும். நான் அதைப் பார்க்காதது போல டீ பிளாஸ்க்கைத் திறப்பேன். அரை மணி நேரத்தில் மறைந்துவிடும்.

முதல் இரண்டு வாரம்: சாப்பிட முடிகிற நாட்களை வீணாக்காதீர்கள்

இந்த இரண்டு வாரமும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இந்த நாட்களில் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, திங்கட்கிழமை காலையில் எடையைக் காலண்டரில் குறியுங்கள். தொடங்கிய நாளில் இருந்த எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, அடுத்த வாரம் வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ரொம்ப இளைத்துவிட்டால் மாஸ்க் லூசாகி, திரும்ப ஸ்கேன், திரும்ப மாஸ்க் என்று நாள் போகும்.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளென்றால் ஏறக்குறைய 2000 கலோரி, 70 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் சொச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று புரியும். முட்டை, மீன், பருப்பு, பாலாடைக்கட்டி, வேர்க்கடலை எல்லாம் இப்போதே தாராளமாக.

இரண்டாவது வாரத்தில் ருசி போகத் தொடங்கும். அப்பா ஒரு நாள் ரசஞ்சாதத்தைத் தள்ளிவிட்டு, "மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சமையலில்தான் குறை என்று நினைத்துவிட்டாள். நாக்கில் இருக்கும் ருசி மொட்டுகள் கதிரில் அடிபடுவதால் வருவது இது. சமைப்பவர்களுக்கும் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து: வாய்ப்புண்

கன்னத்தின் உள்பக்கமும் நாக்கும் முதலில் செக்கச்செவேலென்று ஆகும், பிறகு வெள்ளைத் திட்டாகப் புண் வரும். இதைத் தடுக்கவே முடியாது என்று கையை விரிக்க வேண்டியதில்லை. சுத்தமாக இருக்கும் வாயில் புண் மட்டுப்படும், கிருமி சேராது.

கொப்பளிக்கும் தண்ணீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாகக் கலந்து பாட்டிலில் வையுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், ராத்திரி எழும்போதும் கொப்பளிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும், புண் வந்த பிறகு அல்ல. நாங்கள் கடிகாரத்தில் அலாரம் வைத்திருந்தோம். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கும், எரிச்சலைக் கூட்டும், வேண்டாம். பென்சிடமின் என்ற மருந்துள்ள மவுத்வாஷ் புண்ணுக்கும் வலிக்கும் நல்லது. டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். குழந்தைகளின் மெல்லிய பிரஷ்ஷால் பல் துலக்கலாம். அதுவும் வலித்தால் ஈரப் பஞ்சால் துடையுங்கள்.

நாக்கில் தயிர் படிந்தது போல வெள்ளை படர்ந்து, துடைத்தால் வந்து, கீழே சிவந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று. மாத்திரையில் சரியாகும். வீட்டார் அதைப் புண் என்றே நினைத்து விட்டுவிடுவதுண்டு, டார்ச் அடித்து வாரம் இருமுறை பாருங்கள்.

எச்சில் குறைவதோடு, இருக்கும் எச்சிலும் பசை போலக் கெட்டியாகும். நூல் நூலாக வந்து தொண்டையில் நிற்கும், குமட்டும், ராத்திரி தூங்க விடாது. சமையல் சோடா கலந்த அந்தத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளிப்பதும், டாக்டரைக் கேட்டு வெறும் உப்புநீர் நெபுலைசர் வைப்பதும் கை கொடுக்கும். தலையணையை உயர்த்தி, பக்கத்தில் மூடி போட்ட டப்பாவும் துண்டும் வையுங்கள். இந்தக் கோழையால் வரும் அவதி வலியைவிட மோசம் என்று அப்பா சொன்னார்.

வலிக்கு மாத்திரை எடுக்கத் தயங்காதீர்கள். பாராசிட்டமாலில் தொடங்கி, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை போவார்கள். மார்ஃபின் என்றதும் "அது கடைசி நேரத்துக்குக் கொடுக்கறதாச்சே" என்று சித்தப்பா பதறினார். அப்படியல்ல. சாப்பிடவும் தூங்கவும் மறுநாள் மெஷினில் படுக்கவும் வைப்பதற்குத்தான் அது. புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி தாங்க முடியாமல் போன பிறகு கொடுத்தால் அது அடங்கவே வெகுநேரமாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முக்கால் மணி முன்னால் கொடுங்கள். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து தொடங்க வேண்டும்.

சாப்பாடு, மூக்குக் குழாய்

புண் வந்தபின் புளி, மிளகாய், மிளகு, தக்காளி, எலுமிச்சை, மொறுமொறுப்பு எதுவும் ஆகாது. சூடாகவும் வேண்டாம், வெதுவெதுப்பாக அல்லது குளிர்ச்சியாக. குழைந்த பாசிப்பருப்புச் சோற்றில் நெய், பாலில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பாலில் குழைத்த ஆப்பம், அவித்து மசித்த நேந்திரம்பழம், முட்டையைப் பாலில் அடித்து வேகவைத்த புட்டிங் எல்லாம் கொஞ்ச நாள் இறங்கும்.

எல்லா வீட்டிலும் செய்யும் தவறு, கஞ்சியை நீர்க்கக் கொடுப்பது. ஒரு டம்ளர் நீர்க் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்புக்கு ஒன்றும் போகாது. கெட்டியாக்கினால் விழுங்க முடியாது. இதற்கு நம் பாட்டிமார் வழி ஒன்று உண்டு: முளைகட்டிய கேழ்வரகு. முளைக்கும்போது வரும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அந்த மாவைக் காய்ச்சினால் கெட்டிப்படாது. சாதாரண மாவைவிட இரண்டு மடங்கு போட்டாலும் கஞ்சி குடிக்கும் பதத்தில் இருக்கும். அதோடு பால், பால்பவுடர், வறுத்து அரைத்த வேர்க்கடலை, ஒரு ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய். ஒரு ஸ்பூன் எண்ணெயிலேயே 45 கலோரி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அளவை மட்டும் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் நிறையப் பேருக்கு வாய் வழியாகப் போதுமான அளவு இறங்காது. அப்போது மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப் போடுவார்கள், அல்லது வயிற்றில் நேராகக் குழாய் வைப்பார்கள். அப்பா ஐந்து நாள் மறுத்தார். "குழாய் போட்டா அவ்வளவுதான், ஊர்ல பாத்தவங்க என்ன நெனப்பாங்க" என்றார். அந்த ஐந்து நாளில் இரண்டரை கிலோ போனது, இரண்டு சிட்டிங்குக்கும் எழுந்து போக முடியவில்லை. விட்ட சிட்டிங்கை ஈடுகட்ட, பிற்பாடு இரண்டு நாள் காலையில் ஒன்று, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மாலையில் ஒன்று என்று வைத்தார்கள். குழாய் போட்ட மறுநாளே முகத்தில் தெளிவு வந்தது. மருந்தும் அதிலேயே போனது, விழுங்கும் பயம் போனது. சீக்கிரம் ஒத்துக்கொண்டிருந்தால் அந்த வாரமே மிச்சமாகியிருக்கும்.

குழாயில் கொடுக்கும் முறை: முதலில் கையைக் கழுவுங்கள். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்தபடி கொடுக்கவே கூடாது. குழாய் மூக்கில் எந்த எண் வரை இருக்கிறது என்று முதல் நாள் பேனாவால் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள். வெளியே வந்திருந்தால் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்களே உள்ளே தள்ள வேண்டாம். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி, குழாயில் மாட்டி, உயர்த்திப் பிடித்தால் உணவு தானாக இறங்கும், அழுத்தித் தள்ளாதீர்கள். மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடித்த உணவு, ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லி, இரண்டு இரண்டரை மணிக்கு ஒருமுறை. முன்னும் பின்னும் 30 முதல் 50 மில்லி வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். முடிந்து அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. மாத்திரையைப் பொடித்துப் போடுமுன் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மார்ஃபினைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கி ஆபத்தாகும்.

சிஸ்பிளாட்டின் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் மிக முக்கியம். டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது, உணவோடு சேர்த்தே கணக்கிடலாம். சிறுநீர் குறைந்து மஞ்சள் கூடினால் கவனியுங்கள்.

கழுத்துத் தோல்

தோல் கறுக்கும், காயும், சிலருக்கு உரிந்து நீர் கசியும். மஞ்சள், பவுடர், எண்ணெய், சென்ட் எதுவும் போடாதீர்கள். ஷேவிங்குக்கு எலெக்ட்ரிக் ரேசர் மட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், காலர் இல்லாத பருத்திச் சட்டை, வெயிலில் குடை. க்ரீம் டாக்டர் சொன்னது மட்டும். அதையும் சிட்டிங்குக்குச் சற்று முன்பு தடவ வேண்டாம்.

விழுங்குவதையும் வாய் திறப்பதையும் நிறுத்தக் கூடாது

குழாய் போட்டதும் பெரும்பாலோர் வாயால் எதையும் விழுங்குவதை விட்டுவிடுகிறார்கள். சில வாரம் சும்மா இருந்தால் தொண்டைத் தசை விறைத்து, பிறகு விழுங்க வராமலே போய்விடும். புரை ஏறவில்லையென்றால் குழாய் இருக்கும்போதும் நாளுக்குப் பல முறை ஒரு ஸ்பூன் தண்ணீராவது விழுங்க வேண்டும். விழுங்கும் பயிற்சி தருபவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் கரண்ட் தொடங்குமுன்பே பாருங்கள். எளிய பயிற்சி ஒன்று: எச்சிலைத் தொண்டைத் தசை எல்லாவற்றையும் இறுக்கிப் பலமாக விழுங்குவது, ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை.

வாய் திறப்புக்கு அளவு கைவிரல்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல்லுக்கிடையே நுழைய வேண்டும். இரண்டாகக் குறைந்தால் தாடை இறுகுகிறது என்று பொருள். மரத்தாலான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே நுழைத்து, முப்பது விநாடி வைத்து எடுங்கள். வாரம் ஒரு குச்சி கூட்டப் பாருங்கள். அப்பா 11 குச்சியில் தொடங்கினார், ஆறாவது வாரம் 8 ஆகிவிட்டது, நான்கு மாதம் கழித்து 14 வந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், அதுவும் கீமோ ஓடும்போது என்றால் இரவு என்றும் பாராமல் கிளம்புங்கள். மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம். வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ ரத்தம் நிற்காமல் வருவது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காமை. விழுங்கும் ஒவ்வொரு முறையும் இருமல், புரை. இவற்றில் எதற்கும் மறுநாள் சிட்டிங் வரை காத்திருக்கக் கூடாது.

கடைசி சிட்டிங்குக்குப் பிறகு

35-வது நாள் எல்லோரும் கைகொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பத்து நாள் முன்பைவிட மோசமாக இருந்தது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோனோம். கதிர் நின்ற பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் ஏறித்தான் இறங்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன்: கொப்பளிப்பது, வலி மாத்திரை, குழாய் மூன்றையும் அந்த இரண்டு வாரம் அப்படியே தொடருங்கள். தோல் மூன்று நான்கு வாரத்தில் ஆறும். வாய் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ருசி திரும்பப் பல மாதம். எச்சில் முழுதும் திரும்புமா என்பது எச்சில் சுரப்பிகள் வாங்கிய கதிரைப் பொறுத்தது. ஐஎம்ஆர்டி என்ற, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை அமைத்துக் கொடுக்கும் முறையில் அவற்றை ஒதுக்கி வைத்துக் கொடுப்பதால் முன்னைவிட நிலைமை மேல். அதுவரை தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கும்.

நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் சிடி ஸ்கேனை அவசரப்படுத்தாதீர்கள். 12 வாரம் கழித்து எடுப்பதே சரி. முன்னால் எடுத்தால் கதிர் பட்ட இடத்து அழற்சியே நோய் போல ஒளிர்ந்து வீணாகக் கலங்க வைக்கும். முதல் வருடம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் விடாமல் போங்கள். கழுத்துக்குக் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு குறையும் வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை டிஎஸ்எச் டெஸ்ட் எடுத்து, வருடாவருடம் தொடர வேண்டும். சோர்வு, உடல் பருமன், குளிர் தாங்காமை எல்லாவற்றையும் "கரண்ட் வச்ச உடம்பு" என்று ஒதுக்கிவிட வேண்டாம். சில மாதங்கள் கழித்துக் கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடியது போல ஒரு சுரீர் சிலருக்கு வரும்; பெரும்பாலும் தானாகப் போய்விடும், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு சிறிய அட்டையில், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், எந்தப் பக்கம், முடிந்த தேதி என்று எழுதி லேமினேட் செய்து அவருடைய பையில் வையுங்கள். டிஸ்சார்ஜ் காகிதம் பத்து வருடத்தில் எங்கேயாவது போய்விடும், தாடை எலும்பின் பலவீனம் போகாது. எந்த ஊரில் எந்தப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாலும், வாயைத் திறக்குமுன் அந்த அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். அப்பாவின் அட்டை சட்டைப் பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கிறது.